ஆறு எவ்வளவு துண்டாகியிருக்கிறது: கணக்கிடும் முறை

ஒரு வடிநிலத்தில் எத்தனை அணைகள் என்று எண்ணினால் மட்டும் ஆற்றின் நிலை தெரிந்துவிடாது. அணை எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கிளைகள் இல்லாத 100 கி.மீ. ஆறு, முகத்துவாரத்திலிருந்து 10 கி.மீ.யில் மீன் தாண்டவே முடியாத ஓர் அணை. துண்டுகள் 10, 90. ஒவ்வொரு துண்டின் பங்கையும் வர்க்கமாக்கிக் கூட்டுங்கள்: 0.01 + 0.81 = 0.82, நூற்றுக்கு 82. அதே அணை நடுவில் இருந்தால் 50தான். தடுப்பே இல்லாத ஆற்றுக்கு 100. ஆறு எவ்வளவு தொடர்ச்சியாக இருக்கிறது என்று காட்டும் டிசிஐ (Dendritic Connectivity Index) என்னும் இணைப்புக் குறியீட்டின் அடிப்படை இதுவே.

இது ஆற்றுக்குள்ளேயே வாழும் மீன்களுக்கான கணக்கு. விலாங்குபோல் கடலிலிருந்து ஏறிவரும் மீன்களுக்கு முகத்துவாரத்தோடு தொடர்புள்ள நீளம்தான் பொருட்டு. அப்போது அணை 10 கி.மீ.யில் இருந்தால் 10, நடுவில் இருந்தால் 50 என்று வரிசையே மாறிவிடும். எந்த மீனுக்காக அளக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஆற்று வலையமைப்புக்கு ஹைட்ரோரிவர்ஸ் (HydroRIVERS) என்னும் உலக ஆறுகளின் வரைபடத் தரவைப் பயன்படுத்தலாம். வேறு வரைபடத்தை எடுத்தால் கால்வாய்களை நீக்கி, விட்டுப்போன கோடுகளை இணையுங்கள். இடைவெளி ஒவ்வொன்றும் பொய் அணையாகிவிடும். நீளத்தை டிகிரியில் அளக்காதீர்கள், மீட்டர் அலகுள்ள வரைபட முறைக்கு மாற்றிய பிறகே அளக்க வேண்டும்.

அடுத்து, தடுப்புகளை ஆற்றுக் கோட்டின்மேல் ஒட்டவைப்பது. அதிகம் சறுக்குவது இங்கேதான். இரண்டு ஆறுகள் கூடும் இடத்துக்கருகே துணையாற்றில் இருக்கும் சிறு தடுப்பணை, மென்பொருளில், பக்கத்தில் ஓடும் பேராற்றின் கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரே புள்ளியால் வடிநிலம் முழுவதும் இரண்டாகிவிடும். அணைக்கு மேலுள்ள நீர்ப்பிடிப்புப் பரப்பு பதிவேட்டில் எவ்வளவு, வரைபடத்தில் எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் புள்ளியைக் கையால் நகர்த்துங்கள்.

ஒவ்வொரு தடுப்புக்கும் ஏறும் வாய்ப்பு, இறங்கும் வாய்ப்பு என 0 முதல் 1 வரை இரண்டு மதிப்புகள் கொடுத்துப் பெருக்க வேண்டும். வழியில் பல தடுப்புகள் இருந்தால் எல்லாவற்றையும் பெருக்குங்கள். நடுவிலுள்ள அணையின் பெருக்கல் மதிப்பு 0.5 என்றால் 0.25 + 0.25 + 2 × 0.25 × 0.5 = 0.75. கீழ்த்துண்டிலிருந்து மேலுக்கும் மேல்துண்டிலிருந்து கீழுக்கும் என இரண்டு முறை எண்ணுவதற்கே அந்த 2. அது விட்டுப்போனால் நூற்றுக்கு 75க்குப் பதில் 62.5 என்று தவறாக வரும்.

இரண்டு வடிநிலங்களை ஒப்பிடும்போது ஒரே அளவிலான வரைபடம், ஒரே தரத்திலான தடுப்புப் பட்டியல் கட்டாயம். பெரிய அணைகளின் பட்டியலை மட்டும் நம்பக் கூடாது. ஐரோப்பாவின் 36 நாடுகளில் குறைந்தது 12 லட்சம் தடுப்புகள் இருப்பதாக 2020இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அவற்றில் சுமார் 68% 2 மீட்டருக்கும் குறைவான உயரம் கொண்டவை. இவை செயற்கைக்கோள் படத்தில் பெரும்பாலும் தெரியாது. சில பகுதிகளையாவது கரையோரம் நடந்து பார்த்தே ஆக வேண்டும்.

எதை அகற்றினால் அதிகப் பலன் என்று பார்க்க, தடுப்புகளை ஒவ்வொன்றாக நீக்கிக் கணக்கிடுவது வழக்கம். அது போதாது. அதே 100 கி.மீ. ஆற்றில் 50, 52 கி.மீ.யில் மீன் தாண்டவே முடியாத இரண்டு அணைகள் இருந்தால் குறியீடு 48.1. எந்த ஒன்றை எடுத்தாலும் 50ஐ ஒட்டியே நிற்கும். இரண்டையும் சேர்த்து எடுத்தால்தான் 100. அருகருகே உள்ள தடுப்புகளை ஜோடியாகவும் நீக்கிப் பாருங்கள்.