ஷாம்பூ பாட்டிலின் பின்பக்கத்தைப் படிப்பது எப்படி?

எனக்குக் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் ஏழு மாதம் அரிப்பு இருந்தது. தோல் சிவந்து உரியும். தூக்கத்தில் சொறிந்துவிடுவேன், காலையில் தலையணை உறையில் ரத்தப் பொட்டு இருக்கும். வீட்டில் எல்லாரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: கத்தரிக்காய். வேலூரில் இருந்துகொண்டு முள்ளுக் கத்தரிக்காயை விடுவது எவ்வளவு கஷ்டம் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். விட்டேன். கருவாட்டையும் விட்டேன். அரிப்பு மட்டும் என்னை விடவில்லை.

காரணம் சாப்பாட்டில் இல்லை. குளித்தபின் முடியில் தடவி அப்படியே விட்டுவிடும் ஒரு க்ரீமிலும், அதோடு சேர்த்து வாங்கிய ஷாம்பூவிலும் இருந்தது. இரண்டிலும் முன்பக்கத்தில் பச்சை இலை படம் போட்டு, ‘பாராபென் இல்லாதது’ என்று அச்சிட்டிருந்தார்கள். பாராபென் என்பது பொருள் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு கெடாமருந்து. அதை நம்பித்தான் வாங்கினேன். இப்போது கடையில் நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடத்தில் ஒரு பாட்டிலைப் படித்துவிட முடிகிறது. அந்த முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: பட்டியல் உள்ள பாட்டிலை வாங்குங்கள்

நம் நாட்டு விதிப்படி அழகுசாதனப் பொருளின் உறையில் ‘இன்கிரீடியன்ட்ஸ்’ என்று தலைப்பிட்டுப் பட்டியல் தர வேண்டும். ஆனால் 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கும் 30 கிராமுக்குக் குறைந்த கெட்டிப் பொருளுக்கும் அது கட்டாயம் இல்லை. பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளில் பல சமயம் பட்டியல் இல்லாமல் இருப்பது இதனால்தான். அரிப்பு, ஒவ்வாமை உள்ளவர்கள் ‘முதலில் பாக்கெட் வாங்கிப் போட்டுப் பார்ப்போம்’ என்று தொடங்க வேண்டாம். முதலில் பெரிய பாட்டிலை எடுத்துப் படியுங்கள். வாங்குவதா வேண்டாமா என்பது அப்புறம்.

படி 2: போட்டோ எடுத்துப் பெரிதாக்குங்கள்

எழுத்து கடுகு அளவுதான் இருக்கும். போன் கேமராவில் எடுத்து விரலால் விரித்துப் பாருங்கள், அது போதும். பட்டியலை ஸ்கேன் செய்து பச்சை, சிவப்பு என்று நிறம் காட்டும் செயலிகளை நான் இப்போது பயன்படுத்துவதில்லை. ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது, தலையில் தங்குகிறதா கழுவிப் போகிறதா என்பதையெல்லாம் பார்க்காமலே சிவப்பு காட்டுகின்றன. ஒரு சின்ன நோட்டில், எனக்கு ஒத்துக்கொண்டவற்றின் பட்டியலை ஒரு பக்கத்திலும் ஒத்துக்கொள்ளாதவற்றை எதிர்ப்பக்கத்திலும் எழுதி வைத்தேன். எந்தச் செயலியும் அந்த நோட்டு அளவுக்கு உதவவில்லை.

லாங்கு பஜாரில் ஒரு கடையில் நான் இப்படி நின்றுகொண்டிருந்தபோது கடைக்காரர், “இன்னாம்மா, அரை மணி நேரமா டப்பா பின்னாடியே பாத்துனு இருக்கிற?” என்றார். “அரிப்பு வருதுண்ணா, அதான் இன்னா போட்டிருக்காங்கன்னு பாக்கறேன்” என்றேன். அவரே நாலு பாட்டில் எடுத்துக் கொடுத்து, வெளிச்சத்தில் வைத்துப் படிக்கச் சொன்னார். கூச்சப்படாதீர்கள், நின்று படியுங்கள்.

படி 3: பட்டியலின் தலை

ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவை அதிகத்திலிருந்து குறைவாக வரிசையாக வரும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவை கடைசியில், எந்த வரிசையிலும் வரலாம். அதனால் முதல் ஐந்து பெயர்தான் பாட்டிலில் உள்ள சரக்கில் பெரும்பகுதி.

சாதாரண ஷாம்பூவில் முதலில் தண்ணீர், ‘ஆக்வா’ என்று இருக்கும். அடுத்தது நுரை தரும் பொருள். சோடியம் லாரில் சல்ஃபேட் என்றால் அழுக்கை வலுவாக எடுக்கும், தோலையும் வறட்டும். சோடியம் லாரெத் சல்ஃபேட் என்று ‘எத்’ சேர்ந்திருந்தால் அதைவிட மென்மை. கூடவே கோகமிடோப்ரொப்பைல் பீட்டைன் இருந்தால் கடுமை இன்னும் குறையும். நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ சோடியம் குளோரைடு என்று பார்த்தால் பயப்பட வேண்டாம், அது நம் சமையல் உப்புதான். ஷாம்பூ கெட்டியாக இருப்பதற்காகப் போடுவது.

சல்ஃபேட்டே கூடாது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. வெள்ளிக்கிழமை தலை நிறைய தேங்காய் எண்ணெய் வைத்து ஊறிவிட்டு, போர் தண்ணியில் சல்ஃபேட் இல்லாத ஷாம்பூ போட்டுப் பாருங்கள். மூன்று முறை போட்டாலும் பிசுபிசுப்பு போகாது. எண்ணெய்க் குளியலுக்கு லாரெத் சல்ஃபேட், பீட்டைன் சேர்ந்த ஷாம்பூவே என் தேர்வு. சாயம் போட்ட முடி, தலைத்தோல் வறண்டவர்கள், எண்ணெய் வைக்காதவர்கள் சல்ஃபேட் இல்லாததை வாங்கலாம்.

பட்டியலில் ‘பர்ஃப்யூம்’ என்ற வாசனைப் பெயரையோ ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற கெடாமருந்தின் பெயரையோ கண்டால், ஒரு சதவீதக் கோடு அங்கேதான் எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்பருத்தி, நெல்லி, கற்றாழை எல்லாம் அதற்குப் பின்னால் வந்தால் பேருக்குத்தான் இருக்கின்றன.

ஆயுர்வேத உரிமத்தில் வரும் சில ஷாம்பூக்களில் பட்டியல் வேறு மாதிரி இருக்கும். ‘ஒவ்வொரு 10 மில்லியிலும் கரிசலாங்கண்ணி 50 மில்லிகிராம்’ என்று மூலிகைகளை வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் ‘ஷாம்பூ பேஸ் கியூ.எஸ்.’ என்று முடித்துவிடுவார்கள். கியூ.எஸ். என்றால் ‘தேவையான அளவு’. கணக்குப் போட்டால் அந்தக் கரிசலாங்கண்ணி அரை சதவீதம். மிச்சம் பெரும்பாலும் அந்த ‘பேஸ்’தான். அதில் எந்த நுரைப்பொருள், எந்தக் கெடாமருந்து என்று நமக்குத் தெரியாது. ஒவ்வாமை உள்ளவர்கள் இதை வாங்கவே வேண்டாம்.

படி 4: பயப்பட வேண்டாத பெயர்கள்

ஆல்கஹால் என்று பார்த்ததும் பாட்டிலைத் திருப்பி வைக்காதீர்கள். சீட்டைல் ஆல்கஹால், சீட்டேரில் ஆல்கஹால், ஸ்டியரில் ஆல்கஹால் இவை மெழுகு மாதிரியான கொழுப்புப் பொருட்கள். கண்டிஷனரில் முடியை மிருதுவாக்குவதே இவைதான். வறட்டுவது ‘ஆல்கஹால் டினாட்’, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போன்றவை, அவையும் முன்வரிசையில் இருந்தால்தான் கவலை.

பெயரின் முடிவில் ‘கோன்’ என்று வந்தால், டைமெத்திகோன் மாதிரி, அது சிலிகோன். விஷம் இல்லை. முடிமேல் வழுவழுப்பாகப் படியும், சிக்கு விழாது. நாளாக நாளாகப் படிந்து முடி கனத்தால், சல்ஃபேட் ஷாம்பூ ஒருமுறை போட்டால் போய்விடும்.

படி 5: பட்டியலின் வால்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். ‘முதல் ஐந்தைப் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் சொற்பம்’ என்று எங்கோ படித்து நம்பியிருந்தேன். ஒவ்வாமைக்கு அந்தக் கணக்கு செல்லாது. துளி அளவே போதும்.

தண்ணீர் உள்ள எந்தப் பொருளிலும் பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கெடாமருந்து சேர்த்தாக வேண்டும். பல காலம் அந்த வேலையைப் பாராபென் செய்தது. 2004ல் மார்பகக் கட்டிகளில் பாராபென் இருந்ததாக ஓர் ஆய்வு வந்தது. அதனால்தான் கட்டி வந்தது என்று அந்த ஆய்வு காட்டவில்லை. ஆனாலும் மக்கள் பயந்தார்கள், ‘பாராபென் இல்லாதது’ என்பது விற்பனைச் சொல் ஆனது. பாராபென்னை எடுத்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டுமே. பல நிறுவனங்கள் வைத்தது மெத்தில்ஐசோதையாசோலினோன். அதன் கூட்டாளி மெத்தில்குளோரோஐசோதையாசோலினோன். இரண்டும் சேர்ந்த கலவையைச் சில லேபிளில் ‘கேத்தான்’ என்றும் போடுவார்கள்.

தோல் ஒவ்வாமையைக் கவனிக்கும் அமெரிக்க மருத்துவர் சங்கம், ஆண்டுதோறும் ஓர் ஒவ்வாமைப் பொருளை அறிவிக்கும். 2013ல் அறிவித்தது இந்த மெத்தில்ஐசோதையாசோலினோனை. அதே சங்கம் 2019ல் பாராபென்னை ‘ஒவ்வாமை அல்லாத பொருள்’ என்று அறிவித்தது. தலையில் தங்கும் க்ரீம், சீரம் வகைகளில் மெத்தில்ஐசோதையாசோலினோன் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடுத்துவிட்டது. கழுவிவிடும் ஷாம்பூவில் பத்து லட்சத்தில் 15 பங்குதான் அங்கே அனுமதி. நான் பயந்து விலக்கிய பொருள் எனக்கு ஒன்றும் செய்யாதது. அதற்குப் பதிலாக வந்ததுதான் என் கழுத்தை உரித்தது.

பெயர் நீளமாக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். ‘தையாசோலினோன்’ என்ற வாலை மட்டும் நினைவில் வையுங்கள். அந்த வால் உள்ள எதையும் நான் வாங்குவதில்லை. டிஎம்டிஎம் ஹைடன்டாயின், குவாட்டர்னியம்-15 இரண்டும் மெல்ல மெல்ல ஃபார்மால்டிஹைடு விடுபவை, இவற்றுக்கும் ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். சோடியம் பென்சோயேட், ஃபீனாக்ஸிஎத்தனால், பாராபென் இவற்றில் ஏதாவது இருந்தால் எனக்குச் சரி.

ஏன் ஏழு மாதம் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்கலாம். இந்த ஒவ்வாமை போட்ட உடனே வராது. ஒன்று முதல் மூன்று நாள் கழித்து வரும். நான் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிப்பேன், ஞாயிறு மதியம் அரிப்பு ஏறும். ஞாயிறு இலையில் கத்தரிக்காய் இருந்தது, பழி அதன்மேல் விழுந்தது. இன்னொன்று, அரிப்பு வந்தது தலையில் இல்லை. தலைத்தோல் தடிப்பானது, தாங்கும். ஷாம்பூ வழிந்து இறங்கும் வழியில், காதோரம், கண் இமை, பிடரி என்று மெல்லிய தோல்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். தலை நன்றாக இருக்கிறதே, ஷாம்பூ எப்படிக் காரணமாகும் என்று நினைத்துவிடாதீர்கள்.

தோல் மருத்துவர் முதுகில் பட்டைகள் ஒட்டிப் பார்க்கும் சோதனை செய்தார். ஒவ்வொரு பட்டையிலும் ஒவ்வொரு பொருள். 48 மணி நேரம் முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. வேலூர் வெயிலில் அது நடக்காது என்று தை மாதம் வரச் சொன்னார். இரண்டாம் நாள் ஒருமுறை, நாலாம் நாள் ஒருமுறை பார்த்தார். இருபதுக்கும் மேல் இருந்த புள்ளிகளில் ஒன்றே ஒன்று, அந்தத் தையாசோலினோன் வைத்தது, சிவந்து கொப்புளித்திருந்தது.

படி 6: உங்கள் தண்ணீரையும் படியுங்கள்

முடி கயிறு மாதிரி ஆகிறது என்றால் ஷாம்பூவை மாற்றும் முன் தண்ணீரைப் பாருங்கள். ஒரு பாட்டிலில் போர் தண்ணி, இன்னொன்றில் குழாயில் வரும் காவிரித் தண்ணி பாதியளவு ஊற்றி, ஒரே அளவு குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். எங்கள் சத்துவாச்சாரி வீட்டுப் போர் தண்ணியில் நுரைக்குப் பதில் தயிர்த் திப்பி மாதிரி மிதந்தது. அதுதான் முடியிலும் படிகிறது. இப்படித் தண்ணீர் உள்ளவர்கள் பட்டியலில் டைசோடியம் இடிடிஏ, டெட்ராசோடியம் இடிடிஏ என்று இருக்கிறதா பாருங்கள். உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள் அது. பெயரைப் பார்த்து ‘கெமிக்கல்’ என்று ஒதுக்க வேண்டாம். கடைசி ஒரு சொம்பு மட்டும் காவிரித் தண்ணி ஊற்றினாலே வித்தியாசம் தெரியும்.

படி 7: எண்ணெய்

சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பக்கம் நெல்லிக்காய் படம், பின்பக்கம் முதல் பெயர் ‘மினரல் ஆயில்’ அல்லது ‘லைட் லிக்விட் பாரஃபின்’ என்றால் அது மணம் சேர்த்த கனிம எண்ணெய். கெடுதல் இல்லை, ஆனால் முடிக்கு உள்ளே இறங்காது. தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் இறங்கும், முடியின் புரதம் கழுவும்போது போவதைக் குறைக்கும். 2003ல் மும்பை ஆய்வாளர்கள் தேங்காய், சூரியகாந்தி, கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டுக் காட்டிய முடிவு இது. நான் செக்கில் ஆட்டியதையே வாங்குகிறேன்.

படி 8: சாயம், கறுப்பு மருதாணி

மருதாணி இலை செம்மண் நிறம்தான் தரும். கறுப்பாக்காது. கறுப்பு மருதாணி என்று விற்றால், பட்டியலில் பாரா ஃபீனிலீன்டையமின் அல்லது பிபிடி என்ற பெயரைத் தேடுங்கள். ‘அமோனியா இல்லாதது’ என்ற சொல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அமோனியா இல்லாத சாயத்திலும் பிபிடி இருக்கும். இதற்கு ஒவ்வாமை ஒருமுறை பிடித்தால் ஆயுசுக்கும் போகாது, முகமே வீங்கிவிடும். அப்பா, மாமா யாருக்காவது சாயம் போடுகிறீர்கள் என்றால், 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்துப் பாருங்கள். பத்து வருஷமாகப் போடுகிறேன் என்று சொல்பவருக்கும் இது பொருந்தும், பதினோராவது வருஷத்திலும் வரலாம்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் கேட்டவை.

ஒருவர், சீயக்காய்க்கே போய்விடலாமே என்றார். தாராளமாக. சீயக்காய், பச்சைப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு வாங்கிக் காயவைத்து மெஷினில் அரைத்தால் அதில் தண்ணீர் இல்லை, கெடாமருந்தும் தேவையில்லை. அரப்பு இலைப் பொடியும் நல்லது. ஆனால் ‘சீயக்காய் ஷாம்பூ’ என்று பாட்டிலில் வருவது ஷாம்பூதான், அதன் பின்பக்கத்தையும் மேலே சொன்னபடி படிக்க வேண்டும்.

இன்னொரு அக்கா, தையாசோலினோன் உள்ள ஷாம்பூவை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியும் கழுத்து அரிப்புதான் குறைந்தது, விரல் இடுக்கில் போகவில்லை என்றார். வீட்டில் உள்ள எல்லா பாட்டிலையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் அதே வால் இருந்தது. துணிக்குப் போடும் திரவம், ஈரத் துடைப்பான், சுவர் பெயின்ட் இவற்றிலும் அது சேர்க்கப்படுகிறது. அக்கா இப்போது பாத்திரத்துக்குப் பழையபடி பார் சோப்புக்கு மாறியிருக்கிறார்கள். மூன்றாவது வாரத்தில் விரல் காய ஆரம்பித்ததாகச் சொன்னார்கள். அந்த வீட்டில் பொங்கலுக்கு வெள்ளை அடிக்கப் போகிறார்கள், பெயின்ட் வாங்கும் முன் டப்பாவைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.