கொல்லிமலைக்குப் பைக்கில் கூட்டமாகப் போகிறீர்களா? வழியில் வண்டி நின்றால் செய்ய வேண்டியவை

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் தெரியாத கோளாறெல்லாம் இங்கேதான் வெளியே வரும். அதனால் டூல் பை எப்போதும் கடைசி வண்டியில் இருக்கட்டும். முன்னால் போகிறவரிடம் இருந்தால், பின்னால் ஒருவர் நின்றுபோனது தெரிந்து அவர் திரும்பி இறங்கி வர வேண்டியிருக்கும். கடைசி வண்டி ரிப்பேர் தெரிந்தவருடையதாக இருக்க வேண்டும். அவர் யாரையும் முந்தக் கூடாது.

ஸ்பேனர், பஞ்சர் கிட், பம்ப் எல்லோருக்கும் பொது. கேபிள், ப்ளக், ஃப்யூஸ், செயின் லாக் (செயினின் இரு முனைகளை இணைக்கும் கண்ணி), டியூப் ஆகியவை அவரவர் வண்டிக்கு அவரவர் பொறுப்பு. செயினின் அளவு வண்டிக்கு வண்டி மாறும்; 428 அளவு செயினின் லாக் 520 அளவு செயினில் சேராது.

வண்டி நின்றால் வளைவில் வைத்துப் பிரிக்காதீர்கள். நேரான இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று வருகிற வண்டிகளுக்குக் கை காட்டட்டும்.

மலையில் அதிகம் அறுவது கிளட்ச் கேபிள்தான். கையால் பிடிக்கும் லிவர் பக்கத்தில், கேபிள் நுனியில் உள்ள உலோகக் குமிழான நிப்பிளை ஒட்டித்தான் கம்பி இழை இழையாகப் பிரியும். லிவர் திடீரென இறுகினாலோ, அடிக்கடி லூஸ் ஆனாலோ அங்கே பாருங்கள்; ஓர் இழை அறுந்திருந்தாலும் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள். ஸ்பேர் கேபிளைப் பையில் சுருட்டி வைக்க வேண்டாம். வீட்டிலேயே பழைய கேபிளை ஒட்டிய மாதிரி அதே வழியில் ஓட்டி, நான்கு இடத்தில் டை போட்டு, இரு முனைகளையும் டேப்பால் மூடிவிடுங்கள். அறுந்தால் முனைகளை மாட்டினால் போதும், டேங்கைக் கழற்ற வேண்டியதில்லை. மாட்டியபின் லிவரின் அடியில் 2–3 மி.மீ. லூஸ் விடுங்கள். அது இல்லாவிட்டால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கி, பிளேட் கருகும்.

டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் உடனே பிடுங்காதீர்கள். பஞ்சர் கிட்டில் உள்ள ஸ்ட்ரிப்பை (துளையை அடைக்கும் ரப்பர் துண்டு) ஊசியில் கோத்து, பசை தடவித் தயாராக வைத்துக்கொண்டு, ஆணி எந்தச் சாய்வில் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஆணியைப் பிடுங்கி, அதே சாய்வில் ரீமர் என்கிற சொரசொரப்பான கம்பியை விட்டுத் துளையைத் தேய்த்து, ஸ்ட்ரிப்பின் முக்கால் பாகம் உள்ளே போகும்வரை அழுத்தி, ஊசியை வெடுக்கென்று இழுங்கள். வெளியே 3 மி.மீ. விட்டு வெட்டி, காற்றடித்து, சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். டயரின் பக்கச் சுவர் கிழிந்திருந்தால் ஸ்ட்ரிப் நிற்காது. வண்டியை வேறு வாகனத்தில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். ஸ்போக் வீல் வண்டிக்கு ஸ்பேர் டியூபும் இரண்டு டயர் லிவரும் தேவை.

செயின் லாக் மாட்டும்போது அதைப் பிடித்து நிறுத்தும் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும்.

இறக்கத்தில் முதல், இரண்டாம் கியரிலேயே வாருங்கள். பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டு, பிரேக் லிவர் கைப்பிடி வரை போய்விடும். அப்போது ஓரம் கட்டி, டிஸ்க் தானாக ஆறட்டும். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும்.