வீட்டில் செய்த எஃப்எம் ரேடியோ பாடவில்லையா? ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து வாருங்கள்

குடியாத்தத்தில் ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ரிப்பேர் பார்க்கிறவன் நான். பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி நெருங்கினால் பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் பக்கத்துப் பிள்ளைகள் தாங்கள் செய்த ரேடியோவைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிடுவார்கள். முக்கால்வாசிப் பேர் செய்வது ஒரே சர்க்யூட்தான்: முன்னால் நிலையத்தைப் பிடிக்க ஒரு பிஎஃப்494 டிரான்சிஸ்டர், பின்னால் சத்தத்தைப் பெருக்க எல்எம்386 ஐசி, 9 வோல்ட் பேட்டரி. வந்ததும் வராததுமாக, "ஐசி போயிடுச்சுண்ணா, வேற வாங்கிட்டு வரட்டுமா?" என்பார்கள். "இருப்பா, முதல்ல அதை உட்கார வை" என்பேன். ஐசி அவ்வளவு சுலபத்தில் போகாது. காசைக் கொட்டுவதற்கு முன்னால், எதுவரை சத்தம் வருகிறது என்று பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தால் கோளாறு தானாக மாட்டிக்கொள்ளும்.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். பேட்டரியில் அளக்க வேண்டாம், ஐசியின் காலிலேயே அளக்க வேண்டும். 4ஆம் காலில் கறுப்பு முள், 6ஆம் காலில் சிவப்பு முள். 9 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். அடுத்து 5ஆம் கால்: அதில் பாதி, அதாவது நாலரை வோல்ட் பக்கம் இருந்தால் ஐசி நல்லபடியாக இருக்கிறது என்று நம்பலாம். இப்போது வால்யூமை முழுக்க வைத்து, 3ஆம் காலைச் சின்ன ஸ்க்ரூடிரைவர் முனையால் தொடுங்கள். விரல் அதன் இரும்பில் பட்டிருக்கட்டும். "கொர்" என்று ஸ்பீக்கர் உறுமினால் பின்பாதி முழுவதும் சரி. வால்யூமைக் குறைத்து வைத்துவிட்டுத் தொட்டால் ஒன்றும் கேட்காது. அதை வைத்து ஐசியைப் பழி சொல்லாதீர்கள்.

"டப் டப் டப்" என்று படகு மோட்டார் போல அடித்தால் பேட்டரி இளைத்திருக்கிறது. செட் ஓடும்போதே அளந்து பாருங்கள், 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுங்கள். புது பேட்டரியிலும் அடித்தால் 6ஆம் காலுக்கும் 4ஆம் காலுக்கும் நடுவில், ஐசியை ஒட்டியே, 100 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று போடுங்கள்.

பின்பாதி தேறிவிட்டதா? இனி முன்பாதி. இதற்கு சூப்பர் ரீஜெனரேட்டிவ் முறை என்று பெயர். டிரான்சிஸ்டர் வராத காலத்திலேயே, வால்வை வைத்து இதை 1922இல் கொண்டுவந்தவர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். பிற்பாடு அகலப்பட்டை எஃப்எம் ஒலிபரப்பையே உருவாக்கியவரும் அவர்தான். இதில் டிரான்சிஸ்டர் தானே அதிர்ந்து, அடங்கி, மறுபடி அதிரும். விநாடிக்கு பல ஆயிரம் தடவை இப்படி நடக்கும். அதனால் நிலையம் எதுவும் மாட்டாதபோது "உஸ்ஸ்" என்று பலத்த இரைச்சல் வர வேண்டும். பிள்ளைகள் இரைச்சலைக் கேட்டதும் செட் கெட்டுவிட்டது என்று ஆஃப் செய்கிறார்கள். அந்த இரைச்சல் இருந்தால்தான் முன்பாதிக்கு உயிர் இருக்கிறது. நிலையம் மாட்டினால் அது தானே அடங்கும்.

இரைச்சலே இல்லையென்றால் முதலில் டிரான்சிஸ்டரின் கால்களைப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் பழகிய பிசி548 டிரான்சிஸ்டருக்கு நடுக்கால் பேஸ். பிஎஃப்494க்கு நடுக்கால் எமிட்டர். பழக்க தோஷத்தில் மாற்றி வைப்பவர்கள் நிறைய. அடுத்து கண்டென்சரின் எண். 220 என்று அச்சடித்திருந்தால் அது 22 பிகோஃபாரட். 221 என்றிருந்தால்தான் 220. கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே சில பிகோஃபாரட் போட வேண்டிய இடத்தில் 103, அதாவது 10,000 பிகோஃபாரட், உட்கார்ந்திருந்தால் எந்த ஜென்மத்திலும் அதிராது. ஈயம் வைக்காமல் கால்களைச் செருகுகிற பிரெட்போர்டு வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. பக்கத்துப் பக்கத்து வரிசைகளே சில பிகோஃபாரட் கண்டென்சராக வேலை செய்யும். 100 மெகாஹெர்ட்ஸில் அது பெரிய தொகை. துளைகளும் தாமிரப் பட்டைகளும் உள்ள வெரோ போர்டில் கால்களைக் குட்டையாக வெட்டி ஈயம் வையுங்கள்.

இனி காயில். அதிகம் படுத்துவது இதுதான். 22 கேஜ் எனாமல் கம்பியைப் பென்சில் மேல் 5 சுற்று, ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்குகிற மாதிரி சுற்றுங்கள். நுனியில் இருக்கும் எனாமல் தாமிர நிறத்திலேயே இருப்பதால் வெறும் கம்பி போலத் தெரியும். ஈயமும் அதைச் சுற்றி உருண்டையாக, பளபளவென்று உட்கார்ந்துகொள்ளும். பார்த்தால் அழகான சால்டரிங். உள்ளே தொடர்பே இருக்காது. நுனியை உப்புத்தாளில் நான்கு பக்கமும் தேய்த்து, இளஞ்சிவப்பு தெரிந்த பிறகு ஈயம் பூசுங்கள். பிறகு ஒரு ஈயப் பற்றிலிருந்து மறு பற்றுக்கு மீட்டரின் பீப் பார்த்துவிட வேண்டும்.

இரைச்சல் வருகிறது, ஆனால் நிலையம் ஒன்றும் இல்லை என்றால் செட் எஃப்எம் பட்டையான 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்கு வெளியேயோ அதன் ஓரத்திலோ நிற்கலாம். கருவி எதுவும் தேவையில்லை. பக்கத்தில் ஒரு பாக்கெட் ரேடியோவை வைத்து முள்ளை மெதுவாக ஓட்டுங்கள். உங்கள் செட் தானும் கொஞ்சம் அலை வீசும். அது நிற்கும் இடத்தில் பாக்கெட் ரேடியோவின் இரைச்சல் மாறும். எங்கே நிற்கிறது என்று அப்படியே தெரிந்துவிடும். எண் ஏற வேண்டுமா, காயில் சுற்றுகளை விலக்குங்கள். இறங்க வேண்டுமா, நெருக்குங்கள். அரை மில்லிமீட்டர் விலக்கினாலே ஓடிவிடும், பொறுமை வேண்டும்.

கை கிட்டே போனால் நிலையம் நழுவுகிறதா? நிலையம் பிடிக்கத் திருப்புகிற குட்டிக் கண்டென்சரான டிரிம்மரின் திருகுப் பக்கத்தை பேட்டரியோடு இணைகிற பக்கம் மாற்றிப் போட்டு, இரும்பு ஸ்க்ரூடிரைவருக்குப் பதில் சீவிய மூங்கில் குச்சியால் திருப்புங்கள். நிலையத்தின் நட்டநடுவில் பேச்சு குழறும். ஒரு ஓரத்துக்கு நகர்த்தினால் தெளியும். இந்த வகை செட்டின் இயல்பே அப்படி.

ஏரியலுக்கு 75 சென்டிமீட்டர் கம்பி தாராளம். அதற்கு மேல் நீட்டினால் இரைச்சலே செத்துப்போகும், பக்கத்து வீட்டு ரேடியோவுக்கும் தொல்லை. எஃப்எம் அலை நேர்கோட்டில் வருவது. மலையடிவாரத்து ஊர்களில் வீட்டுக்குள் வைத்துத் திட்டுவதைவிட மொட்டை மாடிக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள். சென்னையின் 101.4ஐ இங்கே எதிர்பார்க்காதீர்கள். சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, இந்தச் சின்ன செட்டுக்கு அது எட்டாது. அருகிலுள்ள நிலையத்தைப் பிடித்தாலே கண்காட்சிக்குப் போதும்.

பிடித்ததும் காயில் மேல் மெழுகுவர்த்தியை இரண்டு சொட்டு விட்டால் பேருந்துக் குலுக்கலில் சுற்றுகள் கலையாது. மெழுகு ஆறியதும் நிலையம் கொஞ்சம் நகர்ந்திருக்கும், டிரிம்மரை லேசாகத் திருப்பிச் சரிசெய்துகொள்ளுங்கள்.