ஒரு ஃபேஷன் பிராண்டைப் படிப்பது எப்படி? அன்யெஸ் பே-யை வைத்து ஒரு பயிற்சி

ஃபேஷன் டிசைன் படிக்கிறவர்களுக்கும் சொந்தமாகத் துணி பிராண்டு தொடங்கும் ஆசையில் இருப்பவர்களுக்கும் ஆரம்பத்திலேயே வந்து விழுகிற வேலை இது: ஒரு பிராண்டை எடுத்துக்கொண்டு அதன் அடையாளம் என்ன, யார் வாங்குகிறார்கள், யாரோடு போட்டி என்று எழுது. பலரும் அந்தக் கம்பெனியின் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தைத் திறந்து, அதில் இருப்பதைத் தங்கள் நடையில் மாற்றி எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ‘காலம் கடந்த நேர்த்தி’, ‘தரத்தில் சமரசம் இல்லை’ போன்ற வரிகளை எந்த பிராண்டின் பெயருக்குக் கீழே வைத்தாலும் பொருந்தும். அப்படி எல்லாருக்கும் பொருந்துகிற வரியால் யாருக்கும் பயனில்லை.

நாம் அலமாரியிலிருந்து ஆரம்பிக்கலாம். உதாரணத்துக்குப் பிரான்சின் அன்யெஸ் பே. 1975-இல் பாரிஸில் தொடங்கியது, இன்றும் நிறுவனரின் குடும்பத்திடமே இருக்கிறது. முடிவுகளெல்லாம் பெரும்பாலும் ஒருவர் எடுத்தவை என்பதால், முதல்முறை செய்து பார்க்கிறவர்களுக்கு இழை பிடித்துப் போவது எளிது. ஒரு நோட்டு, அந்த பிராண்டின் இணையக் கடை, நிறுவனரின் பழைய பேட்டிகள் இரண்டு மூன்று இருந்தால் போதும்.

படி 1: ஒரே ஒரு உடையைப் பிடியுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பிராண்டு மிக நீண்ட காலமாக விற்றுவரும் உடையைக் கண்டுபிடியுங்கள். அன்யெஸ் பே-யில் அது 1979-இல் வந்த ‘கார்டிகன் ப்ரெஸியோன்’.

பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கும். ஸ்வெட்ஷர்ட் துணி, அதாவது தடிமனான பருத்திப் பின்னல். தலை வழியே மாட்ட வேண்டிய ஸ்வெட்ஷர்ட்டை முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை வெட்டித் திறந்து, நெருக்கமாக டிச் பட்டன்களை வரிசையாக வைத்தால் எப்படி இருக்கும், அதுதான். காலர் கிடையாது. முன்பக்கத்தில் லோகோ கிடையாது. பட்டன்கள் முத்துச்சிப்பி நிறத்தில் மின்னும். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் படபடவென்று ஒரே இழுப்பில் திறந்துகொள்ளும். இழுபடும் பின்னல் துணியில் இத்தனை டிச் பட்டன்களை நேர்கோட்டில் அடிப்பது லேசான வேலை இல்லை. இடைவெளி கொஞ்சம் பிசகினாலும் முன்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். தையல் தெரிந்தவர்கள் ஒருமுறை செய்து பாருங்கள், புரியும்.

இப்போது நோட்டில் மூன்று கேள்விகள். துணி என்ன? எத்தனை வருடமாக மாறவில்லை? யார் யாரெல்லாம் போடலாம்?

பதில்கள்: விளையாட்டு உடைக்கான எளிய துணி, ஆனால் ஆபீசுக்கும் போட்டுப் போகலாம் என்கிற வெட்டு. நாற்பது வருடங்களுக்கு மேலாக வடிவம் அப்படியே, நிறம் மட்டும் மாறிக்கொண்டிருக்கிறது. பெண்கள், ஆண்கள், குழந்தைகள் எல்லாருக்கும் உண்டு. பார்த்தீர்களா, பிராண்டின் ஒரு வாசகத்தைக்கூடப் படிக்காமல் அடையாளத்தில் பாதி கைக்கு வந்துவிட்டது. தடிமனான பருத்தியில் வரும் அவர்களுடைய கோடு போட்ட டி-ஷர்ட்டை எடுத்துக்கொண்டாலும் இதே பதில்கள்தான் வரும். இரண்டு உடைகளில் ஒரே பதில் வந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

படி 2: எதைச் செய்ய மறுக்கிறார்கள் என்று எழுதுங்கள்

நிறுவனரின் பெயர் அன்யெஸ் த்ரூப்ளே. 1941-இல் வெர்சாயில் பிறந்தவர். பெயரிலுள்ள ‘பே’, முதல் கணவரின் குடும்பப் பெயரான பூர்க்வாவின் முதலெழுத்து. ‘எல்’ என்ற பெண்கள் பத்திரிகையில் வேலை பார்த்தவர். முதல் கடையைத் திறந்தது லே ஹால் பகுதியின் ரூ த்யு ஜூர் தெருவில், பழைய இறைச்சிக்கடை ஒன்றில். பாரிஸின் மொத்தக் காய்கறி, இறைச்சிச் சந்தை அங்கிருந்து 1969-இல் புறநகரான ரூன்ஜிஸுக்குப் போய்விட்டது. பளபளப்பான கடைத்தெருக்களை விட்டுவிட்டு இப்படி ஓர் இடத்தைப் பிடித்ததே ஒரு மறுப்புதான்.

பெரிய மறுப்பு விளம்பரம். ஆரம்பத்திலிருந்தே பணம் கொடுத்து விளம்பரம் செய்வதில்லை என்பது அவர் கொள்கை. தனக்குப் பிடித்தது ஃபேஷன் இல்லை, உடைகள்தான் என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

சரி, அந்தப் பணம் எங்கே போகிறது? 1984-இல் ஓவியம், புகைப்படத்துக்காக ‘கலெரி த்யு ஜூர்’ என்ற காட்சிக்கூடம். 1997-இலிருந்து கலைஞர்களின் கையில் பக்கங்களைக் கொடுத்து இலவசமாக விநியோகிக்கும் ‘புவான் திரோனி’ இதழ். 2003-இல் தன் மகனோடு சேர்ந்து வாங்கிய ‘தாரா’ என்ற 36 மீட்டர் பாய்மரக் கப்பல், கடல் ஆராய்ச்சிக்காக. 2020-இல் பாரிஸின் 13-ஆம் வட்டாரத்தில் ‘லா ஃபாப்’ என்ற கலைக்கூடம்.

‘இதுவும் ஒருவகை விளம்பரம்தானே’ என்று கேட்பீர்கள். பலனைப் பார்த்தால் ஆமாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் உங்கள் நோட்டில் அதை விளம்பரம் என்ற தலைப்பில் போடாதீர்கள். அடையாளம் என்ற தலைப்பில் போடுங்கள். ஏனென்றால் அடுத்த படியில் வரப்போகும் வாடிக்கையாளரை இழுப்பது இதுதான்.

படி 3: வாடிக்கையாளரை வயதால் அளக்காதீர்கள்

‘25 முதல் 45 வயதுள்ள நகர்ப்புறப் பெண்கள்.’ இந்த வரியை எழுதினால் அடித்துவிடுங்கள். உலகத்தில் பாதி பிராண்டுகள் இவர்களுக்காகத்தான் இருக்கின்றன.

விலைச்சீட்டிலிருந்து தொடங்குங்கள். அந்தக் கார்டிகன் நூறு யூரோவுக்கு மேல். யோசிக்காமல் வாங்குகிற விலை இல்லை, கனவு காண்கிற விலையும் இல்லை. யோசித்து வாங்கி, பல வருடம் போடுகிறவர்களுக்கான விலை. லோகோ வெளியே தெரியாததால், காட்டிக்கொள்வதற்காக வாங்குகிறவர்கள் இங்கே வரமாட்டார்கள். கலைக்கூடமும் இதழும் சேரும்போது ஓர் உருவம் தெரிகிறது: ஆசிரியர், கட்டடக் கலைஞர், பதிப்பகத்தில் வேலை பார்ப்பவர், அம்மாவின் பழைய கார்டிகனை எடுத்துப் போட்டுக்கொள்ளும் மகள். இது என் ஊகம். உங்கள் நோட்டிலும் ஊகத்துக்குப் பக்கத்தில் ‘ஊ’ என்று குறித்து வையுங்கள். உறுதியான தகவலும் ஊகமும் கலந்துவிட்டால், பிறகு பிரிக்கவே முடியாது.

அப்புறம், நாடு மாறினால் வாடிக்கையாளரும் மாறுவார். அன்யெஸ் பே-க்கு ஜப்பான் மிகப் பெரிய சந்தை. அங்கே இளையவர்களுக்கென்று ‘டு பி’ என்ற தனி வரிசையே உண்டு. ஹாங்காங்கில் அதே பெயரில் கஃபேக்களும் பூக்கடைகளும் பார்க்கலாம், கைப்பைகளும் பிரபலம். பாரிஸ்காரருக்கு அது தினசரி உடை. ஹாங்காங் மால் ஒன்றில் அந்தப் பெயர் போட்ட கோப்பையில் காபி குடிக்கும் இளம்பெண்ணுக்கு அது பாரிஸின் ஒரு துண்டு. இருவரையும் ஒரே பத்தியில் அடைக்காதீர்கள், தனித்தனியாக எழுதுங்கள்.

படி 4: போட்டியாளர்களைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி

கார்டிகன் வாங்க வந்தவர் வாங்காமல் போய்விட்டார். அந்தப் பணத்தை எங்கே செலவழித்திருப்பார்?

ஷனேல் என்று எழுதாதீர்கள், இரண்டும் பிரெஞ்சு என்பது மட்டும் போதாது. அலட்டாத, எளிமையான உடை வேண்டும் என்பவர் ஏ.பி.சி.க்குப் போவார். 1987-இல் ழான் துயித்து தொடங்கியது, ஜீன்ஸுக்குப் பேர்போனது. கொஞ்சம் சீசனுக்கேற்ற ஸ்டைல் வேண்டுமென்றால் ஸாந்த்ரோ, மாஜ். கோடு போட்ட மேல்சட்டை மட்டும்தான் தேவை என்றால் நார்மண்டியின் ஸான் ஜேம்ஸ், 1889-இலிருந்து அதைச் செய்துவருகிறது. இணையத்திலேயே வாங்கிப் பழகிய இளையவர்கள் ஸெஸான் பக்கம் போவார்கள். கீழேயிருந்து விலையால் நெருக்குவது யூனிக்ளோ.

காகிதத்தில் குறுக்காக ஒரு கோடு, நெடுக்காக ஒரு கோடு போடுங்கள். குறுக்கே விலை, நெடுக்கே ‘சீசனுக்கு மாறுவது’ முதல் ‘மாறாதது’ வரை. ஒவ்வொரு பெயரையும் புள்ளியாக வையுங்கள். அன்யெஸ் பே-க்குப் பக்கத்தில் எந்தப் புள்ளி விழுகிறதோ அதுதான் நேரடிப் போட்டி.

ஒரு போட்டியாளர் இந்தப் படத்தில் வராது: பிராண்டின் சொந்தப் பழைய சரக்கு. பிரான்ஸில் வின்டெட் மாதிரி செகண்ட் ஹேண்ட் தளங்கள் நன்றாக ஓடுகின்றன. வடிவம் மாறாத, சீக்கிரம் கிழியாத உடைக்கு அது நல்ல பெயரும் கொடுக்கும், புது உடையின் விற்பனையையும் தின்னும். மாணவர்கள் இதைத் தவறவிடுவார்கள், நீங்கள் விடாதீர்கள்.

படி 5: யார் கையில் இருக்கிறது?

‘சுயாதீன பிராண்டு’ என்று எழுதும் முன் பங்கு யாரிடம் என்று பாருங்கள். ஏ.பி.சி.யின் பெரும்பங்கு 2023-இல் எல் கேட்டர்ட்டன் முதலீட்டு நிறுவனத்துக்குப் போனது. இன்னொரு பாரிஸ் பிராண்டான இஸபெல் மராந்தின் பெரும்பங்கு 2016-இல் மான்டிஃபியோரி என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு. ஸாந்த்ரோ, மாஜ் இரண்டும் எஸ்.எம்.சி.பி. குழுமத்தில் இருக்கின்றன, அது 2017-இல் பாரிஸ் பங்குச்சந்தைக்கு வந்தது. 1968-இல் தொடங்கிய பாரிஸ் ஃபேஷன் பிராண்டு ஸோனியா ரிக்கியேல் 2012-இல் வெளி முதலீட்டாளரிடம் போய், 2019-இல் திவாலாகிக் கலைக்கப்பட்டது.

வெளியார் காசு இல்லாததால் அன்யெஸ் பே-யால் 1979 கார்டிகனை நிம்மதியாக விற்றுக்கொண்டிருக்க முடிகிறது, கப்பலுக்கும் செலவழிக்க முடிகிறது. மறுபக்கத்தையும் எழுதுங்கள்: வேகமாக விரிய வெளிப்பணம் இல்லை, நிறுவனருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அடுத்த தலைமுறை எப்படி நடத்தும் என்பது இந்த பிராண்டின் எந்த ஆய்விலும் இருக்க வேண்டிய கேள்வி.

படி 6: ஒரே பத்தியாகச் சுருக்குங்கள்

இப்படி வரலாம்: ‘எளிய துணியில், பல வருடம் மாறாத வெட்டில், லோகோ காட்டாமல் உடை செய்யும் குடும்ப நிறுவனம். விளம்பரத்துக்குப் பதில் கலையிலும் கடலிலும் செலவழிக்கிறது. பாரிஸில் நிதானமாக வாங்குகிறவர்கள், ஆசியாவில் பாரிஸ் ஆசைக்காக வாங்குகிற இளையவர்கள் என இரண்டு வாடிக்கையாளர்கள். நெருங்கிய போட்டி ஏ.பி.சி.யும் தன் பழைய சரக்கும்.’ கீழே தேதி போடுங்கள், பங்குகள் கைமாறிக்கொண்டே இருக்கும்.

அடுத்து ஸெஸானை எடுத்துப் பாருங்கள். மோர்கான் ஸெஸாலோரி 2013-இல் இணையத்தில் தொடங்கியது, கடை பிறகுதான் வந்தது. வெளி முதலீட்டாளர்கள் இருப்பதால் அதற்கு மட்டும் படி 5-ஐ முதலில் முடித்துவிட்டு, பிறகு படி 1-க்கு வாருங்கள்.