தடுப்பூசி வந்து சேரும்வரை: ஃப்ளூ பெருந்தொற்றுக்கு ஒரு வீடு தயாராவது எப்படி

ஆண்டுதோறும் வந்துபோகும் ஃப்ளூ காய்ச்சலுக்கும் ஃப்ளூ பெருந்தொற்றுக்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. ஆண்டுக் காய்ச்சலின் வைரஸ் சிறிது சிறிதாக உருமாறுவதால், முந்தைய தொற்றுகளில் பெற்ற நோயெதிர்ப்பாற்றல் நமக்கு ஓரளவேனும் கைகொடுக்கிறது. பெருந்தொற்றின் வைரஸ் அப்படிப்பட்டதன்று. பறவைகளிடமோ பன்றிகளிடமோ இருந்துவந்த ஃப்ளூ வைரஸின் கூறுகளோடு, மனித உடல் அதுவரை அறியாத மேற்பரப்புப் புரதத்தைத் தாங்கி அது வருகிறது. 1918, 1957, 1968, 2009 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு நேர்ந்தது. 2009 ஏப்ரலில் புதிய எச்1என்1 வைரஸ் கண்டறியப்பட்டது. ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்றாக அறிவித்தது. அதற்குரிய தடுப்பூசி பொதுமக்களை எட்டத் தொடங்கியதோ அவ்வாண்டின் இறுதி மாதங்களில்தான். தடுப்பூசி இல்லாத அந்த அரையாண்டுக் காலத்தை ஒரு குடும்பம் எப்படிக் கடப்பது என்பதே இக்கையேட்டின் பொருள்.

முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியவை

பொருள்களை வாங்கிச் சேர்ப்பதற்கு முன் சில முடிவுகளை எடுத்துவிட வேண்டும். வீட்டில் ஒருவர் நோயுற்றால் எந்த அறையில் இருப்பார், அவரைக் கவனித்துக்கொள்ளப் போகிறவர் யார், அவரும் படுத்துவிட்டால் அடுத்தவர் யார் என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், 65 வயதைக் கடந்தவர்கள், ஆஸ்துமா, இதயநோய், நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஃப்ளூ கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்பதால், கவனிக்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைக்கக் கூடாது. தனியாக வாழ்பவர், நாளுக்கு இருமுறை தொலைபேசியில் விசாரிக்கவும், பதில் வராவிட்டால் நேரில் வந்து பார்க்கவும் உடன்படுகிற ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

அடுத்து, ஒவ்வொருவரும் வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளின் பெயரையும் அளவையும், ஒவ்வாமை விவரங்களையும், மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள். இக்கையேட்டில் சொல்லப்படுபவற்றுள் ஒன்றை மட்டுமே இன்று செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். காய்ச்சலின் உச்சத்தில் இருப்பவரால் தம் மருந்துகளின் பெயரைத் தெளிவாகச் சொல்ல இயலாது.

ஆண்டு ஃப்ளூ தடுப்பூசி புதிய வைரஸைத் தடுக்கும் என்று எண்ண வேண்டாம். எனினும் இரண்டு ஃப்ளூக்கள் ஒரே காலத்தில் ஒருவரைத் தாக்கும் வாய்ப்பை அது குறைக்கிறது. நிமோனியாவை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசி இதைவிடவும் முக்கியமானது என்பது என் கருத்து. 1918இல் இறந்தவர்களில் பெரும்பாலோர் வைரஸைத் தொடர்ந்து வந்த பாக்டீரியா நிமோனியாவால் இறந்தனர் என்பதை நுரையீரல் திசு ஆய்வுகள் காட்டியுள்ளன. உங்களுக்கு அது தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இருப்பைப் பொறுத்தவரை, இரண்டு வாரங்களுக்குப் போதுமான உணவு, வழக்கமான மருந்துகள், பாராசிட்டமால், வெப்பமானி, சோப்பு, முகக்கவசங்கள், முடிந்தால் ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டர் (விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் கருவி) ஆகியவை போதும். நோயுற்ற வீட்டார் வெளியே சென்று பிறருக்குத் தொற்றைப் பரப்பும் தேவை எழக்கூடாது என்பதே இதன் நோக்கம். செய்தி பரவிய நாளில் மொத்தமாக வாங்கினால் மற்றவர்களுக்குக் கிடைக்காமல் போகும். வாரந்தோறும் சிறிது கூடுதலாக வாங்கிச் சேர்ப்பதே முறை.

நோயாளியின் அறை

தொற்றிய 1 முதல் 4 நாள்களுக்குள் காய்ச்சல், உடல்வலி, வறட்டு இருமல் ஆகியவை திடீரெனத் தொடங்கும். அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்பிருந்தே அவர் பிறருக்குத் தொற்றைக் கொடுக்கக்கூடும். முதல் 3 நாள்களில் அது மிகுதி. பெரும்பாலும் ஒரு வாரம் வரை நீடிக்கும். குழந்தைகளிடம் இன்னும் நீளலாம். ஆகவே காய்ச்சல் உறுதியாகட்டும் என்று காத்திராமல், முதல் அறிகுறியிலேயே அறையைப் பிரித்துவிட வேண்டும்.

அறையின் கதவு மூடியிருக்கட்டும். வெளிப்புறம் திறக்கும் சன்னல் திறந்திருக்கட்டும். காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி இருந்தால் அதை ஓட விடுங்கள். உள்ளே செல்பவர் என்95 வகை முகக்கவசத்தை முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும்படி அணிய வேண்டும். மூச்சு எளிதாக இருக்குமானால் நோயாளியும் அந்நேரத்தில் ஒன்றை அணிவது நல்லது. வெளியே வந்ததும் 20 நொடிகள் சோப்பால் கை கழுவ வேண்டும். கடினமான பரப்புகளில் வைரஸ் ஓரிரு நாள்கள் பிழைத்திருக்கக் கூடும் என்பதால், கதவுப்பிடி, மின்விசை, தொலைபேசி ஆகியவற்றை நாள்தோறும் துடையுங்கள். 5 சதவீத ப்ளீச் திரவத்தில் 20 மி.லி. எடுத்து ஒரு லிட்டர் நீரில் கலந்தால் அதற்குப் போதும். அதை வேறு எந்தத் துப்புரவுத் திரவத்தோடும் கலக்காதீர்கள், நச்சு வாயு உண்டாகும்.

ஒரு குறிப்பேடு வைத்து, காலையும் மாலையும் உடல் வெப்பம், நிமிடத்திற்கு எத்தனை மூச்சு, கொடுத்த மருந்து, அதன் நேரம், கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். மூச்சை எண்ணும்போது முழு ஒரு நிமிடமும் எண்ண வேண்டும். ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 30ஐத் தொட்டால் அது அபாயம். 2 மாதம் முதல் ஓராண்டு வரையுள்ள குழந்தைக்கு 50, 1 முதல் 5 வயது வரை 40 என்ற எண்ணிக்கையை எட்டினால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆக்ஸிமீட்டர் 94 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் மருத்துவரிடம் பேசுங்கள். 90க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சுள்ள விரலிலும் இக்கருவி பிழையாகக் காட்டும். கருமையான தோலுடையவர்களுக்கு உண்மையைவிடக் கூடுதலான அளவைக் காட்டுவதும் உண்டு. எனவே எண் நன்றாக இருந்தும் மூச்சு திணறினால், மூச்சையே நம்புங்கள்.

பசி இல்லாவிட்டால் கட்டாயப்படுத்தி ஊட்ட வேண்டியதில்லை; ஆனால் நீர் உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்து, உப்பு-சர்க்கரைப் பொட்டலம் கிடைக்காதபோது, தூய நீர் ஒரு லிட்டரில் 6 மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறு சிறு மிடறாகக் கொடுங்கள். உப்பு கூடிவிட்டால் குழந்தைக்குத் தீங்கு. பாலூட்டும் தாய் நோயுற்றால், முகக்கவசம் அணிந்து, கை கழுவிவிட்டுத் தொடர்ந்து பாலூட்டலாம்.

மருந்தில் நேரும் தவறுகள்

18 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ஃப்ளூவோடு சேர்ந்து மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்கூட்டை அது உண்டாக்கக்கூடும். பாராசிட்டமாலைப் பொறுத்தவரை, சளி மருந்துகள் பலவற்றிலும் அது கலந்திருப்பதை மக்கள் கவனிப்பதில்லை. மாத்திரையும் சளி மருந்துமாகச் சேர்ந்து ஒருநாள் அளவு மீறினால் கல்லீரல் பழுதாகும். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. நிமோனியா போன்ற பாக்டீரியா தொற்று சேர்ந்திருப்பதாக மருத்துவர் கருதினால் மட்டுமே அது தேவை. ஒசெல்டாமிவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்கு பயன்தருகின்றன. ஆகவே கடுமையாகும் வாய்ப்புள்ளவருக்குக் காய்ச்சல் வந்தால், மூன்றாம் நாள்வரை பொறுத்துப் பார்க்காமல் அன்றே மருத்துவரை அழையுங்கள்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத மயக்கம், நீலம்பாய்ந்த உதடு, 8 மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, குழந்தைக்கு மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கிடையே தசை உள்வாங்குதல் ஆகிய எதுவாயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இவற்றைவிட எளிதில் ஏமாற்றுவது ஒன்றுண்டு: காய்ச்சல் தணிந்து, ஓரிரு நாள் தேறி, பின்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்புவது. நிமோனியா பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. வீட்டார் நிம்மதியடைந்திருக்கும் வேளையில் அது வருவதால், அதைத் தவறவிடுவது எளிது.

வீட்டுக்கு வெளியே

1918 செப்டம்பர் 28 அன்று, நகரில் நோய் பரவத் தொடங்கிய பின்னரும், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் பெரும் ஊர்வலம் ஒன்றை நடத்தியது. சில நாள்களில் அதன் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. செயின்ட் லூயிஸ் நகரமோ அக்டோபர் தொடக்கத்திலேயே பள்ளிகளையும் திரையரங்குகளையும் மூடியது. அங்கே இறப்பு வீதம் பிலடெல்பியாவைவிடக் குறைவாக இருந்தது. ஆகவே கூட்டங்களைத் தள்ளிவைக்குமாறு அறிவிப்பு வரும்போது, முதல் வாரத்திலேயே அதைப் பின்பற்றுவதில்தான் பயன் அதிகம்.

நோயுற்றவர், மருந்தில்லாமலேயே காய்ச்சல் 24 மணி நேரம் நீங்கியிருந்தால் அறையைவிட்டு வெளியே வரலாம். அதன்பின் ஐந்து நாள்கள் முகக்கவசம் அணிவது பிறருக்குப் பாதுகாப்பு. இருமலும் களைப்பும் சில வாரங்கள் நீடிக்கலாம். 1918இல் இரண்டாம் அலைதான் முதலாவதைவிடப் பெரிதும் கொடியதாக இருந்தது. ஆதலால் அலை தணிந்திருக்கும் வாரங்களிலேயே தீர்ந்த மருந்துகளை மீண்டும் வாங்கி வையுங்கள், தடுப்பூசி கிடைக்கத் தொடங்கியதும் போட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட்ட பின்னும் பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், அதுவரை முகக்கவசத்தைக் கைவிட வேண்டாம்.