பேறுகாலப் பணம்: எங்கே கைநழுவிப் போகிறது?

வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பேறுகாலத்தில் பணம் மூன்று இடங்களிலிருந்து வரலாம்: வேலை செய்யும் நிறுவனம், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), அரசின் உதவித் திட்டங்கள். நமக்குரிய இடம் எது என்று முதல் மூன்று மாதத்துக்குள் தெரிந்துகொள்ளாததால்தான் பெரும்பாலும் பணம் போகிறது.

இருப்பதிலேயே பெரிய தவறு, தானாக ராஜினாமா எழுதிக் கொடுப்பது. "அஞ்சாம் மாசத்தோட ரிசைன் பண்ணிடும்மா, குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் திரும்பச் சேர்ந்துக்கலாம்" என்று மேலாளர் இதமாகத்தான் சொல்வார். கையெழுத்துப் போட்டுவிட்டால் மகப்பேறு விடுப்புக்கான 26 வாரச் சம்பளத்தைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தாலே இந்த உரிமை உண்டு. 26 வாரத்தில் பிரசவத்துக்கு முன் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 8 வாரம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் மொத்தமே 12 வாரம்தான். மகப்பேறு விடுப்பில் இருப்பவரை அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு நீக்கவும் முடியாது. 1961-ம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இவை 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. உரிமை அப்படியேதான் இருக்கிறது.

"நான் கான்ட்ராக்ட் ஆச்சே, எனக்கு எப்படித் தருவார்கள்?" என்று கேட்காமலேயே விட்டுவிடுகிறவர்கள் அதிகம். 2023-ல் டெல்லி மருத்துவர் ஒருவரின் வழக்கில், ஒப்பந்தக் காலம் நடுவில் முடிந்தாலும் மகப்பேறு பலனை முழுமையாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்னொன்று, "திரும்ப வந்து சேர்ந்த பிறகு மொத்தமாகத் தருகிறோம்" என்ற பேச்சு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான தொகையை முன்கூட்டியே தர வேண்டும். மீதியைப் பிரசவச் சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். விடுப்புக் கடிதத்தை வாயால் சொல்லி முடிக்காமல் மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். அவசரத்தில் கடிதம் கொடுக்கத் தவறியிருந்தாலும் உரிமை போய்விடாது, பிரசவத்துக்குப் பிறகும் கொடுக்கலாம்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் நடந்தால், பணம் தர வேண்டியது நிறுவனம் அல்ல, இ.எஸ்.ஐ. தான். இது தெரியாமல் அலுவலகத்தோடு சண்டை போட்டு மாதங்களைக் கடத்துகிறவர்கள் உண்டு. இங்கே 80 நாள் கணக்கு கிடையாது. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளுக்குப் பிடித்தம் நடந்திருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. கம்பெனி மாறும்போது பழைய காப்பீட்டு எண்ணைச் சொல்லாமல் புது எண் வாங்கிவிட்டால் இந்த நாட்கள் இரண்டு எண்களில் சிதறிப்போகும். அப்புறம் அதை ஒன்று சேர்க்கக் கிளை அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும், அதுவும் நிறைமாதத்தில்.

இந்த இரண்டும் இல்லாத வீட்டு வேலை, கடை வேலை, கூலி வேலை செய்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் இருக்கிறது. 1987-ல் 300 ரூபாயில் தொடங்கியது, இப்போது மதிப்பு 18,000. அதில் ரொக்கம் 14,000, மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு, வயது 19 நிறைந்திருந்தால், முதல் இரண்டு பிரசவத்துக்குக் கிடைக்கும். 12 வாரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து பிக்மி எண் என்ற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்க வேண்டும். மூன்று மாதம் வரை யாருக்கும் சொல்லக்கூடாது என்ற வழக்கத்தில் நர்ஸம்மாவிடமும் சொல்லாமல் இருந்துவிடுவது இங்கே சகஜம். சொந்தக்காரர்களிடம் வேண்டுமானால் மறைத்துக்கொள்ளுங்கள். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகும்போது அதே எண்ணைக் கொண்டுபோக வேண்டும், அங்கே புதிதாகப் பதியக் கூடாது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண்தான் கேட்பார்கள்.

இந்த உதவித் திட்டத்தில் "இன்னும் பணம் ஏறவில்லை" என்ற புகாரில் பாதி வங்கிக் கணக்குச் சிக்கல்தான் என்பது என் எண்ணம். ஆதாரில் அப்பாவின் இனிஷியல், பாஸ்புக்கில் கணவரின் இனிஷியல் என்று இருக்கும். கணவர் கணக்கைக் கொடுத்தால் செல்லாது. கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டதோ அதில்தான் பணம் விழும். ஆகவே என்றோ திறந்து மறந்துபோன கணக்கில் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். தவணைகளும் தடுப்பூசியோடு சேர்ந்தே நகர்கின்றன, ஊசி தள்ளிப்போனால் பணமும் தள்ளிப்போகும்.

கரு கலைந்துவிட்டால் ஒன்றும் கிடைக்காது என்று நினைத்து மூன்றாம் நாளே வேலைக்குப் போய்விடுகிறார்கள். சட்டப்படி அதற்கும் சம்பளத்தோடு 6 வார விடுப்பு உண்டு, மருத்துவச் சான்று வைத்திருந்தால் போதும். இ.எஸ்.ஐ.யிலும் அதே 6 வாரம்தான்.