மர வேலை பெஞ்சுக்குப் பெரிய வைஸ்: பார்த்து வாங்குவதும் பதித்து மாட்டுவதும்

வைஸ் என்பது வேலை செய்யும் பொருளை இரண்டு தாடைகளுக்கு நடுவில் வைத்து இறுக்கிப் பிடிக்கும் கருவி. கோவையில் எந்த டூல்ஸ் கடையில் நுழைந்து "வைஸ் வேணும்" என்றாலும் எடுத்து வைப்பது ஃபிட்டர் வைஸ்தான். தாடையில் பல் வெட்டியிருக்கும், மேசைக்கு மேலே எழும்பி உட்காரும். இரும்பை ராவுவதற்கு ஆனது. "இதுலயும் கட்டை புடிக்கலாமுங்ணா" என்பார் கடைக்காரர். பிடிக்கலாம்தான், கூடவே தேக்கில் பல் அச்சும் விழும். நமக்கு வேண்டியது கார்ப்பென்டர் வைஸ். பெஞ்சுப் பலகைக்கு அடியில் மாட்டுவது. தாடை அகலமாக, வழவழவென்று இருக்கும். நடுவில் ஒரு திருகுத் தண்டு, அதன் இரண்டு பக்கமும் நேராக ஓடும் ராடுகள்.

நான் பம்பு வார்க்கும் ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கான மாதிரி, செய்து பிழைத்தவன். அதனால் ஒரு வைஸைப் பார்த்தால் முதலில் கண் போவது அதன் வார்ப்பின் மேல்தான். வார்ப்பிரும்பு எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். ஆனால் வளைக்கப் பார்த்தால் வளையாது, உடைந்துவிடும். கீழே நான் சொல்வதில் பாதிக்கு இதுதான் காரணம்.

அளவைத் தாடையின் அகலத்தை வைத்துச் சொல்வார்கள்: 7, 9, 10 அங்குலம். வீட்டில் கதவு, ஜன்னல், அலமாரி செய்பவருக்கு 9 அங்குலம் தாராளம். 10 அங்குலத்துக்கு மேல் போனால் பெஞ்சுப் பலகையும் 60 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், கால்களும் கனமாக வேண்டும். இல்லாவிட்டால் வைஸ் அசையாது, பெஞ்சு ஆடும். எவ்வளவு திறக்கும் என்பதைப் பார்க்கும்போது, இரும்புத் தாடைகளின் உள்முகத்தில் வைக்கப்போகும் மரப் பலகைகளையும், அதாவது கன்னங்களையும், கழித்துக்கொள்ளுங்கள். 20 மில்லிமீட்டரில் இரண்டு பலகை வைத்தால் 40 மில்லிமீட்டர் போயிற்று.

பழையது கிடைத்தால் நான் பழையதையே எடுப்பேன். உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் சில சமயம் நல்ல சரக்கு வரும். இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் செய்த ரெகார்ட் வைஸ் கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். 52½ என்ற எண் இருந்தால் தாடை 9 அங்குலம், 13 அங்குலம் திறக்கும். 53 என்றால் பத்தரை அங்குலத் தாடை, 15 அங்குலத் திறப்பு. பேட்டர்ன் வேலைக்கென்றே அமெரிக்காவில் எம்மெர்ட் என்று ஒன்று செய்தார்கள், 1891இல் காப்புரிமை வாங்கியது. தாடை மட்டும் 18 அங்குலம், எந்தப் பக்கமும் சுழலும். அதற்காகக் காத்திருந்தால் வேலை நடக்காது. புதிதாக வாங்குவதில் தப்பில்லை, ஜலந்தரிலிருந்தும் லூதியானாவிலிருந்தும் வருகிறவற்றில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. பெயரை நம்பாமல் பொருளைப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? முன் தாடையைக் கழற்றித் தூக்கிப் பிடித்து, சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். 'ணங்' என்று கேட்டால் நல்லது, சத்தம் செத்துப் போயிருந்தால் எங்கோ விரிசல். போல்ட் போடும் காதுகளையும், தாடை அடிப்பாகத்தோடு சேரும் மூலையையும் உற்றுப் பாருங்கள், உடைவதெல்லாம் அங்கேதான். மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தால் பித்தளை வைத்து ஒட்டிய இடம். புதிய வைஸில் பெயின்ட் கெட்டியாக இருந்தால் ஆணி முனையால் ஒரு ஓரம் சுரண்டிப் பாருங்கள். காற்றுக் குழிகளைப் புட்டி வைத்து அடைத்திருந்தால் வெள்ளையாகப் பொடி உதிரும். மேலே ஒன்றிரண்டு குழி இருந்தால் பரவாயில்லை, காதில் இருந்தால் வேண்டாம்.

குயிக் ரிலீஸ் வைத்த வைஸில் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு லீவர் இருக்கும். அதை அழுத்தினால் பாதி நட் திருகை விட்டு விலகும், தாடையை ஒரே இழுப்பில் நகர்த்திவிடலாம். வேலை ஓட்டத்துக்கு அருமையான வசதி. ஆனால் அந்தப் பாதி நட் தேய்ந்திருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஒரு கட்டையை வைத்து நன்றாக இறுக்குங்கள். 'டக்'கென்று வழுக்கினால் மரை போய்விட்டது. தாடையை முழுக்கத் திறந்தால் முன்பக்கம் கொஞ்சம் தொங்கும், அது சகஜம்.

சரி, இனி மாட்டுவது. வலக்கைக்காரருக்கு பெஞ்சின் முன்விளிம்பில் இடது ஓரம், காலுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கம். உளி அடிக்கும்போது அடி நேரே காலில் இறங்கும். இடக்கைக்காரருக்கு வலது ஓரம்.

இரும்புத் தாடையின் மேல் விளிம்பு பெஞ்சு மட்டத்துக்கு 12 மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டும். இழைப்புளியின் தகடு ஒருநாளும் இரும்பில் படக் கூடாது. வைஸின் அடித்தட்டிலிருந்து தாடை உச்சி வரை அளந்து கொள்ளுங்கள். 90 மில்லிமீட்டர் வந்தால், அதோடு 12 சேர்த்து 102. பலகை 60 என்றால் மீதி 42 மில்லிமீட்டருக்கு அடியில் ஒரு பேக்கிங் கட்டை வேண்டும். கட்டையின் ரேகை பலகையின் ரேகை ஓடும் திசையிலேயே ஓடட்டும், மழைக்காலத்தில் இரண்டும் ஒன்றாக உப்பும், ஒன்றாக வற்றும்.

பின் தாடையை பெஞ்சு விளிம்புக்கு வெளியே துருத்த விடாதீர்கள். பலர் அப்படியே மாட்டிவிட்டு, நீளப் பலகையின் பக்கத்தை இழைக்கும்போது அது விளிம்பில் சாயாமல் அந்தரத்தில் நிற்கிறது என்று புலம்புகிறார்கள். பலகையின் அடியிலிருந்து விளிம்பில் ஒரு குழி வெட்டி, இரும்பு முழுக்க உள்ளே போய் இன்னும் ஒரு மில்லிமீட்டர் அடங்கும்படி பதியுங்கள். மேலே 12 மில்லிமீட்டர் மரம் மிஞ்சும், அதை உளி பிளந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பெஞ்சின் முழு நீளத்துக்கும் 20 மில்லிமீட்டர் பட்டை ஒன்றை, திருகுக்கும் ராடுகளுக்கும் இடம் விட்டு, விளிம்பில் அறைந்துவிட்டால் பின் கன்னமும் அதுவே. தேய்ந்தால் கழற்றி மாற்றலாம்.

பெரிய வைஸ் பதினைந்து கிலோவுக்கு மேல் இருக்கும். படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேல் தூக்கி மாட்டும் வீரம் தேவையில்லை. ஆள் வைத்து பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு, வைஸை அதன் மேல் வைத்து வேலை செய்யுங்கள். கவிழ்க்க முடியாத பெஞ்சு என்றால் கார் ஜாக்கியால் கீழிருந்து ஏற்றலாம்.

இப்போதுதான் கவனம் வேண்டிய இடம். போல்ட் போடுமுன் அடித்தட்டு ஆடாமல் உட்காருகிறதா என்று நான்கு மூலையிலும் காகிதத் துண்டு வைத்து இழுத்துப் பாருங்கள். ஒரு மூலையில் காகிதம் சுலபமாக வந்தால் அங்கே இடைவெளி. மரத்தை இழைத்துச் சரி செய்யுங்கள், இல்லையென்றால் மெல்லிய தகரம் வையுங்கள். இடைவெளியை போல்ட்டால் இழுத்து மூடப் பார்த்தால் வார்ப்பு வளைந்து கொடுக்காது, காது ஒடிந்து கையில் வரும். போல்ட்டுக்கான துளை ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும். மேலிருந்து போல்ட்டை இறக்கி, தலையை 10 மில்லிமீட்டராவது உள்ளே புதைத்து, மேலே மர முளை அடித்துவிடுங்கள். அகலமான வாஷர் கட்டாயம். குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கோச் ஸ்க்ரூ, அதாவது போல்ட் போலத் தலை வைத்த தடித்த மரத் திருகாணி, மட்டும் போட்டாலும் நிற்கும், ஆனால் நான் பெரிய வைஸுக்கு அதை நம்புவதில்லை.

முன் தாடைக்குப் பூவரசு அல்லது கருவேலத்தில் கன்னம் செய்யலாம். இரும்பில் இருக்கும் துளைகள் வழியாக வெளியிலிருந்து திருகாணி போடுங்கள், பிடிக்கும் முகத்தில் திருகாணித் தலை வரக் கூடாது. கன்னத்தை 2 மில்லிமீட்டர் உயரமாக விட்டு, மாட்டிய பின் பெஞ்சோடு சேர்த்து இழைத்துவிட்டால் மட்டம் தானாக வரும். வைஸை மெதுவாக மூடும்போது மேல் விளிம்புதான் முதலில் முட்ட வேண்டும். இறுக்கினால் தாடை கொஞ்சம் சாயும், அப்போது முழு முகமும் பிடிக்கும். பெரும்பாலான வைஸில் இந்தச் சாய்வைச் செய்தே அனுப்பியிருப்பார்கள். இல்லையென்றால் கன்னத்தின் கீழ்ப்பக்கத்தை ஒரு மில்லிமீட்டர் இழைத்து எடுங்கள்.

ராடுகளுக்கு மெழுகுவர்த்தி தேய்த்தால் போதும். கிரீஸ் பூசினால் மரத்தூள் ஒட்டிப் பசையாகிவிடும். திருகுக்கு மட்டும் துளி எண்ணெய். கட்டையைத் தாடையின் ஒரு ஓரத்தில் மட்டும் பிடிக்க நேர்ந்தால் மறு ஓரத்தில் அதே கனத்தில் ஒரு துண்டு வையுங்கள், தாடை கோணாமல் இருக்கும். பிடி போதவில்லை என்று கைப்பிடியில் பைப் மாட்டி இறுக்க வேண்டாம். கன்னத்தில் மெல்லிய தோல் ஒட்டுங்கள், பாதி இறுக்கத்திலேயே பிடிக்கும்.